இரண்டு அட்டையிலும் இருப்பது ஒரே மருந்து

கேள்வி: எங்கள் ஊர் கம்பத்துக்குப் பக்கம். அம்மாவுக்கு 54 வயது. இருபது வருடமாகக் கம்பம்மெட்டு ஏறி வண்டன்மேட்டுப் பக்கம் ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறார். போன வருடம் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கு வந்து பிரஷர் பார்த்தபோது 168/102 இருந்தது. ஆம்லோடிபின் மாத்திரை கொடுத்தார்கள்; இன்றுவரை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்கள். அதைப் போட்டும் 158, 160 என்றே நின்றது. ஆடி மாதம் தோட்டத்தில் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டார். கூட வேலை பார்ப்பவர்கள் கட்டப்பனையில் ஒரு டாக்டரிடம் காட்டினார்கள். அவர் ஒரே மாத்திரைக்குள் இரண்டு மருந்து இருக்கிற மாதிரி எழுதிக் கொடுத்தார். இரண்டு அட்டையிலிருந்தும் தினமும் போட்டார். பிரஷர் 134/84 ஆனது. ஆனால் சாயங்காலம் ஜீப்பை விட்டு இறங்கும்போது இரண்டு காலும் வீங்கி, செருப்பு நுழையவில்லை. "ரெண்டு மருந்து சேர்த்துக் கொடுத்தா நோய் முத்திருச்சுன்னு அர்த்தம், கிட்னி போயிரும்" என்று பக்கத்து வீட்டு அத்தை சொன்னார். அதிலிருந்து அம்மா புது மாத்திரையைப் பிளேடால் பாதியாக வெட்டி, வெற்றிலைப் பெட்டியில் வைத்துக்கொண்டு போகிறார். ஞாயிற்றுக்கிழமை வேலை இல்லை என்று போடுவதே இல்லை. நோய் முற்றிவிட்டதா? பழைய ஒற்றை மருந்துக்கே போய்விடலாமா? இரண்டு அட்டையின் பின்பக்கத்தில் இருப்பதையும் அப்படியே எழுதி அனுப்பியிருக்கிறேன்.

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் எனக்குப் பெரிய உதவியாக இருந்தது அந்தக் கடைசி வரிதான். வீட்டுக்கு வரும் அட்டையில் ஆம்லோடிபின் 5 மி.கி. என்று இருக்கிறது. கட்டப்பனை அட்டையில் டெல்மிசார்டான் 40 மி.கி., ஆம்லோடிபின் 5 மி.கி. என்று இருக்கிறது. அப்படியென்றால், இரண்டு அட்டையிலிருந்தும் முழு மாத்திரை போட்ட நாட்களில் அம்மாவுக்கு ஆம்லோடிபின் மட்டும் 10 மி.கி. போயிருக்கிறது. கால் வீக்கத்துக்கு என் முதல் சந்தேகம் இதன் மேல்தான்.

பதற வேண்டாம். ஒரு நாளைக்குக் கொடுக்கக்கூடிய உச்ச அளவு 10 மி.கி.; அதைத் தாண்டிப் போகவில்லை. ஆனால் இது எந்த டாக்டரும் யோசித்துக் கொடுத்த அளவு இல்லை. மலைக்குக் கீழே தமிழ்நாட்டில் கொடுப்பது மேலே கேரளாவில் இருப்பவருக்குத் தெரியாது, மேலே எழுதியது கீழே இருப்பவருக்குத் தெரியாது. இரண்டு அட்டையின் நிறமும் வேறு, முன்னால் பெரிதாகப் போட்டிருக்கும் கம்பெனிப் பெயரும் வேறு. இரண்டும் வெவ்வேறு மருந்து என்றுதான் யாரும் நினைப்பார்கள். இந்தப் பள்ளத்தாக்கில் இதே குழப்பத்தோடு என்னிடம் வந்தவர்கள் நிறையப் பேர்.

இந்த வாரத்துக்குள் இரண்டு அட்டையையும், கட்டப்பனை சீட்டையும், வீட்டுக்கு வருபவர்கள் எழுதிக் கொடுத்த அட்டையையும் ஒரே பையில் போட்டு எடுத்துக்கொண்டு ஒரு டாக்டரைப் பாருங்கள். அநேகமாகத் தனி ஆம்லோடிபினை நிறுத்திவிட்டு, இரண்டும் சேர்ந்த மாத்திரையை மட்டும் முழுதாக, தினமும் போடச் சொல்வார். அம்மாவின் காலைத் தொட்டுப் பார்க்காமல், ரத்தப் பரிசோதனை பார்க்காமல் அந்த முடிவை நான் எழுத்தில் சொல்லக் கூடாது. ஆனால் நீங்கள் கேட்டதற்கு நேர் எதிரான பக்கம்தான் நான் சாய்கிறேன். விட வேண்டியது ஒற்றை மருந்து, சேர்ந்த மாத்திரை இல்லை.

காரணத்தைச் சொல்கிறேன். அம்மாவுக்கும் படித்துக் காட்டுங்கள்.

ஏலத்துக்கு மருந்தடிக்கும் ஹோஸை அம்மா தினமும் பார்ப்பவர். பம்பு அதே வேகத்தில் ஓடும்போது ஹோஸை ஒருவர் மிதித்தால் உள்ளே அழுத்தம் ஏறும். நம் ரத்தக்குழாயின் சுவரில் மெல்லிய தசை இருக்கிறது. அது இறுகினால் மிதித்த ஹோஸ் மாதிரிதான். ஆம்லோடிபின் அந்தத் தசையைத் தளர்த்துகிறது, அழுத்தம் இறங்குகிறது. ஆனால் உடம்பு சும்மா இருக்காது. அழுத்தம் குறைகிறதே என்று சிறுநீரகம் ரெனின் என்ற பொருளை அனுப்பும். அதிலிருந்து ஆஞ்சியோடென்சின் என்ற இன்னொன்று உண்டாகி, தளர்ந்த குழாயை மறுபடி இறுக்கும். உப்பையும் தண்ணீரையும் வெளியே விடாமல் பிடித்து வைக்கச் சொல்லும். ஒரு மருந்து பாதி வழியில் நின்றுபோவதற்கு இது பெரிய காரணம். டெல்மிசார்டான் அந்த ஆஞ்சியோடென்சினின் சொல் குழாயில் எடுபடாமல் செய்கிறது. ஒன்று குழாயைத் தளர்த்துகிறது, இன்னொன்று அது திரும்ப இறுகாமல் பார்த்துக்கொள்கிறது. இரண்டு வேலை என்பதால்தான் இரண்டு மருந்து.

ஒரே மருந்தின் அளவை இரண்டு மடங்காக்கினால் என்ன என்று கேட்கலாம். பல ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்து 2009-இல் கணக்குப் பார்த்தார்கள். இருக்கும் மருந்தை இரட்டிப்பாக்கினால் கிடைக்கிற கூடுதல் பலனைப்போல ஏறத்தாழ ஐந்து மடங்கு, வேறு வகை மருந்து ஒன்றைச் சேர்த்தால் கிடைக்கிறது. பக்கவிளைவோ அளவோடு சேர்ந்து ஏறுகிறது. ஆம்லோடிபினில் கால் வீக்கம் அப்படித்தான். 5-ஐவிட 10-இல் அதிகம்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு விஷயம் உண்டு. ஆம்லோடிபின் ரத்தத்தைக் கொண்டுவரும் சின்னத் தமனிகளை அகலமாக்குகிறது, திரும்பக் கொண்டுபோகும் சிரைகளை அந்த அளவுக்கு அகலமாக்குவதில்லை. வரத்து கூடி, போக்கு கூடாமல் இருந்தால் வாய்க்கால் கரையில் தண்ணீர் கசியுமே, அதுபோல நுண்குழாய்களிலிருந்து நீர் கசிந்து கணுக்காலில் தேங்குகிறது. டெல்மிசார்டான் சிரைப் பக்கத்தையும் தளர்த்துவதால் அந்தத் தேக்கம் குறைகிறது. ஆக, சேர்ந்த மாத்திரையில் இருக்கும் இரண்டாவது மருந்து முதல் மருந்தின் தொந்தரவையும் கொஞ்சம் தீர்த்து வைக்கிறது. காலை வீங்க வைத்தது இரண்டு மருந்து சேர்ந்தது இல்லை, ஒரே மருந்து இரண்டு தடவை போனது.

இதை நான் அனுபவத்தில் கற்றுக்கொண்டவன். தொழிலுக்கு வந்த புதிதில் ஆம்லோடிபின் 5 பற்றாவிட்டால் 10 எழுதுவேன். கால் வீங்கும். வீங்கியவர் என்னிடம் திரும்பி வரமாட்டார், மாத்திரையைத் தானே நிறுத்திவிடுவார். அப்படி நிறுத்திய ஜீப் டிரைவர் ஒருவரை ஒன்றரை வருடம் கழித்து ஒரு பக்கம் கைகால் விழுந்த நிலையில் பார்த்தேன். அவர் பெயரும் முகமும் இன்னும் நினைவில் இருக்கிறது. இப்போது 160/100-ஐத் தாண்டியவர்கள் வந்தால், வேறு தடை இல்லாதபோது, முதல் நாளிலேயே குறைந்த அளவில் இரண்டு மருந்து சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

என் சொந்த வழக்கம் மட்டும் இல்லை இது. உலக சுகாதார நிறுவனம் பிரஷருக்கான இந்தக் கூட்டு மாத்திரைகளை 2019-இல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. டெல்மிசார்டானும் ஆம்லோடிபினும் சேர்ந்தது அதில் ஒன்று. மருந்து தொடங்கும்போதே கூட்டாக, முடிந்தால் ஒரே மாத்திரையாகத் தொடங்கலாம் என்று 2021-இல் வழிகாட்டுதலும் தந்தது. நம் நாட்டிலேயே ஏறத்தாழ 2000 பேரை மூன்று பிரிவாக்கி, மூன்று வகைக் கூட்டு மாத்திரைகளைக் கொடுத்து ஆறு மாதம் பார்த்திருக்கிறார்கள். மூன்றும் ஒன்றுக்கொன்று சளைக்கவில்லை. பத்தில் ஏழு பேர் அளவுக்கு 140/90-க்குக் கீழே வந்தார்கள். பெரும்பாலானவர்களுக்கு ஒரு மருந்தோடு இது அடங்குவதில்லை. அம்மாவுக்கு இரண்டு மருந்து என்பது பிரஷர் இருக்கிற பலருக்கும் நடக்கிற சாதாரண விஷயம். பக்கத்து வீட்டு அத்தையிடம் இதையே சொல்லுங்கள், அவருக்கும் பிரஷர் இருக்கலாம்.

சரி, கிட்னி விஷயம். அத்தை சொன்னதை நான் தள்ளிவிட மாட்டேன். பிரஷர் மாத்திரை போட்டவருக்குக் கிட்னி போனதை அவர் கண்ணால் பார்த்திருப்பார். ஆனால் வரிசை பெரும்பாலும் வேறு. வருடக்கணக்காகக் கட்டுக்குள் வராத பிரஷர்தான் சிறுநீரகத்தின் நுண்குழாய்களைக் கெடுக்கிறது. கெட்டது தெரிய வரும்போது கையில் மாத்திரை இருக்கிறது, பழி அதன் மேல் விழுகிறது. டெல்மிசார்டான் வகை மருந்துகளைச் சர்க்கரை நோயாளிகளின் சிறுநீரகத்தைக் காப்பாற்றவே தனியாகக் கொடுக்கிறோம். ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. தொடங்கி இரண்டு, மூன்று வாரத்தில் ரத்தத்தில் கிரியேட்டினினும் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுவது) பொட்டாசியமும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். அம்மாவுக்குப் பார்த்ததாக நீங்கள் எழுதவில்லை. இந்த வாரம் போகும்போது அதைக் கேட்டு எடுத்துவிடுங்கள். பொட்டாசியம் கலந்த 'சோடியம் குறைந்த உப்பு' கடைகளில் வருகிறது. இந்த மருந்து போடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் அதற்கு மாறக் கூடாது.

இன்னொரு கேள்வியை நீங்கள் கேட்கவே இல்லை, நான்தான் கேட்க வேண்டும். அம்மா வலி மாத்திரை போடுகிறாரா? காய் எடுக்கிற நாட்களில் நாள் முழுக்கக் குனிந்தே இருக்கிறார்கள். இடுப்பும் முட்டியும் பிடித்துக்கொள்கிறது. ஜீப் ஏறுமுன் கடையில் "வலிக்கு ரெண்டு குடுங்க" என்று வாங்கிப் போடுவது நம் பக்கம் எல்லோருக்கும் பழக்கம். டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென் போன்றவை பிரஷரை ஏற்றும், காலில் நீர் கட்டவைக்கும், டெல்மிசார்டானோடு தொடர்ந்து சேரும்போது கிட்னியை அடிக்கும். மூன்றாவதாக நீர் பிரியும் மாத்திரையும் இருந்தால் ஆபத்து இன்னும் கூடும். அத்தை பார்த்த கிட்னிக்காரரின் கதையில் இந்த வலி மாத்திரை இருந்திருந்தால் நான் ஆச்சரியப்படமாட்டேன். வலிக்குப் பாரசிட்டமால் போடலாம், அதையும் அளவோடு. தைலம் தேய்த்து வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள். கடைக்காரரிடம் முதல் வார்த்தையாக "பிரஷர் மாத்திரை சாப்பிடுறேன்" என்று சொல்ல அம்மாவைப் பழக்குங்கள்.

அதேபோல வாந்தி, வயிற்றுப்போக்கு என்று படுத்துவிட்டால், தண்ணீர் கூட நிற்காத நிலையில் டெல்மிசார்டானை ஓரிரு நாள் நிறுத்தி வைக்க வேண்டியிருக்கும். டாக்டருக்குப் போன் போட்டுக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

இனி அந்தப் பிளேடும் வெற்றிலைப் பெட்டியும். இந்த வகைக் கூட்டு மாத்திரைகள் பல இரண்டு அடுக்காக வருகின்றன. ஓரத்தை உற்றுப் பார்த்தால் ஒரு பக்கம் வெள்ளை, மறுபக்கம் வேறு நிறம் என்று தெரியும். அடுக்குக்கு ஒரு மருந்து. பிளேடு வைத்து வெட்டும்போது ஒரு பக்கம் பொடிந்து போகும்; எந்த மருந்து எவ்வளவு உள்ளே போயிற்று என்று சொல்லவே முடியாது. அதைவிட முக்கியம், டெல்மிசார்டான் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். போடுகிற நேரம் வரை அட்டையை விட்டு வெளியே எடுக்கக் கூடாத மாத்திரை அது. வண்டன்மேட்டு மழையும் மூடுபனியும் அம்மாவுக்குத் தெரியும். பெட்டிக்குள் ஈர வெற்றிலை வேறு. வெட்டிய துண்டு இரண்டு நாள் அதில் கிடந்தால் விரலில் ஒட்டுகிற மாதிரி பிசுபிசுத்துப் போகும். பெட்டியில் இப்போது இருக்கும் துண்டுகளை எடுத்துக் கொட்டிவிடுங்கள்.

தோட்டத்துக்கு மாத்திரை கொண்டுபோக வேண்டிய தேவையும் இல்லை. இது ஒரு நாளைக்கு ஒரு வேளை. காலையா இரவா என்று பிரிட்டனில் 21,000 பேருக்கு மேல் வைத்துப் பார்த்த ஆய்வு 2022-இல் வந்தது. மாரடைப்பு, பக்கவாதத்தைத் தடுப்பதில் இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை. எனவே அம்மா மறக்காத நேரம் எதுவோ அதுவே நல்ல நேரம். விடிகாலையில் எழுந்து தூக்குச்சட்டியில் சோறு கட்டி, ஜீப்புக்கு ஓடுகிற அவசரத்தில் மறக்கலாம். ராத்திரி சாப்பிட்டுவிட்டு, நீங்களும் பக்கத்தில் இருக்கும்போது போடுவது நல்லது என்று எனக்குப் படுகிறது. காலை வேளையிலிருந்து இரவுக்கு எப்படி மாற்றுவது என்பதை அந்த டாக்டரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். ஒருநாள் மறந்தால் மறுநாள் இரண்டாகப் போடக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமை விடுமுறை தோட்டத்துக்குத்தான், ரத்தக்குழாய்க்கு இல்லை. தலைசுற்றினால்தான் மருந்து என்றும் அம்மா நினைக்கக்கூடும். பெரும்பாலான நாட்களில் பிரஷர் எந்த அறிகுறியும் காட்டாமல்தான் வேலை செய்யும்.

கால் வீக்கத்தை வீட்டிலேயே ஒருமுறை பாருங்கள். சாயங்காலம் கணுக்காலுக்கு மேல் எலும்பின் மீது கட்டை விரலால் பத்து எண்ணும்வரை அழுத்தி எடுங்கள். குழி விழும். இரண்டு காலிலும் ஒரே மாதிரி இருந்து, காலையில் எழும்போது குறைந்திருந்தால் ஆம்லோடிபின் வீக்கமாக இருக்க வாய்ப்பு அதிகம். தனி ஆம்லோடிபின் நின்ற பிறகு குறைய ஒன்றிரண்டு வாரம் ஆகலாம், அந்த மருந்து உடம்பை விட்டு மெதுவாகத்தான் போகும். ஒரு காலில் மட்டும் வலியோடு வீக்கம், முகத்திலும் வீக்கம், நடந்தால் மூச்சு வாங்குவது, மல்லாந்து படுக்க முடியாமல் எழுந்து உட்காருவது என்று எது இருந்தாலும் நான் மேலே எழுதிய விளக்கத்தை நம்பிக் காத்திருக்காதீர்கள், அன்றைக்கே காட்டுங்கள். நெஞ்சு வலி, வாய் கோணுவது, பேச்சு குழறுவது, ஒரு கை தூக்க முடியாமல் போவது என்றால் 108. மலைக்கு மேலேயும் கீழேயும் அதே எண்தான்.

பிரஷர் பார்க்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன், 134-ஐயும் 160-ஐயும் நம்பித்தானே எல்லா முடிவும் எடுக்கிறோம். ஜீப்பிலிருந்து இறங்கிய கையோடு பார்த்தால் அந்த எண்ணுக்கு மதிப்பில்லை. ஐந்து நிமிடம் முதுகு சாய்த்து, இரண்டு பாதமும் தரையில் படும்படி உட்கார வேண்டும். கட்டன் சாயாவோ காப்பியோ குடித்திருந்தால் அரை மணி நேரம் போகட்டும். கை நெஞ்சு மட்டத்தில் மேசை மேல் இருக்கட்டும். பட்டை கட்டியதும் யாரும் பேச வேண்டாம். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை பார்த்து இரண்டையும் எழுதுங்கள். வீட்டில் கருவி வாங்குவதாக இருந்தால் மேல்கையில் கட்டுவதாக வாங்குங்கள், மணிக்கட்டில் கட்டுவது வேண்டாம். வீட்டுக் கணக்கில் 135/85-க்குக் கீழே இருந்தால் நன்றாக இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். தலைசுற்றல் இருந்தவர் என்பதால் எழுந்து நின்றபின்னும் ஒருமுறை பார்த்துக் குறித்து வையுங்கள்.

உப்பைப் பற்றி நீளமாக எழுதப் போவதில்லை, எல்லோரும் சொல்லியிருப்பார்கள். தூக்குச்சட்டியைத் திறந்து பாருங்கள், போதும். கருவாட்டுக் குழம்பும் மாங்காய் ஊறுகாயும் ஒரே நாளில் வேண்டாம், ஏதாவது ஒன்று இருக்கட்டும். ஒரு நாளைக்கு ஒரு ஆளுக்கு எல்லாம் சேர்த்து ஒரு தேக்கரண்டி, அதாவது 5 கிராம் உப்பு.

கடைசியாக, இரண்டு மாநிலத்தில் வைத்தியம் பார்ப்பது பற்றி. மக்களைத் தேடி மருத்துவம் 2021-இல் தொடங்கியதிலிருந்து எங்கள் பக்கத்துக் கிராமங்களில் மாத்திரை விடுபடுவது எவ்வளவு குறைந்திருக்கிறது என்று நான் கண்ணால் பார்க்கிறேன். அதை விட்டுவிடாதீர்கள். வீட்டுக்கு வரும் தன்னார்வலரிடம் கட்டப்பனை சீட்டைக் காட்டி, மருந்து மாறியதை அவர் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். சேர்ந்த மாத்திரை அவர்களிடம் இல்லாவிட்டால் டெல்மிசார்டானும் ஆம்லோடிபினும் தனித்தனியாகத் தரலாமா என்று ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரைக் கேளுங்கள். அப்படித் தந்தால் இரண்டும் சேர்ந்துதான் அந்த ஒரு மாத்திரை, அதற்கு மேல் கட்டப்பனை மாத்திரையையும் போடக் கூடாது. மேலே வாங்கும் மருந்துக் கவரில் மலையாளத்தில் எழுதியிருப்பார்கள். அம்மாவுக்கு மலையாளம் பேச வரும், படிக்க வராது என்று நினைக்கிறேன். 'ராவிலெ' என்றால் காலை, 'வைகிட்டு' என்றால் சாயங்காலம். கடையிலேயே வாய்விட்டுப் படித்துக் காட்டச் சொல்லி, கவரின் மேல் நீங்கள் தமிழில் எழுதி வையுங்கள்.

ஒரு 40 பக்க நோட்டு போதும். முதல் பக்கத்தில் கம்பெனிப் பெயர் வேண்டாம், அட்டையின் பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயரையும் அளவையும் மட்டும் எழுதுங்கள், எனக்கு எழுதி அனுப்பினீர்களே, அதே மாதிரி. புது அட்டை எது வந்தாலும் முதலில் அந்தப் பக்கத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அடுத்த பக்கத்திலிருந்து தேதியும் பிரஷரும் கால் வீக்கமும். அம்மா தோட்டத்துக்குப் போகும்போது அந்த முதல் பக்கத்தின் போட்டோ அவர் போனில் இருக்கட்டும். கூடப் போகிறவர்கள் யாராவது எடுத்துக் காட்டுவார்கள். புது அளவு முழுதாக வேலை செய்ய நான்கு வாரம் ஆகும். அதற்குப் பிறகு அந்த நோட்டில் இருக்கும் எண்களையும் கிரியேட்டினின் முடிவையும் எனக்கு எழுதுங்கள்.